தேருக்கு விடுமுறை, கருவூலத்துக்கு இல்லை

திருவாரூர் ஆழித்தேர் ஓடும் காலத்தில் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி வரும். தேரோட்டத்தை முன்னிட்டு மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. அதை ஈடுசெய்ய இன்ன சனிக்கிழமை வேலை நாள். பொதுத்தேர்வு இருந்தால் அது வழக்கம்போல் நடக்கும். படிக்கிறவர்கள் இதோடு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி உண்டு. இந்த விடுமுறை 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்படவில்லை. ஆகவே மாவட்டக் கருவூலமும் சார்நிலைக் கருவூலங்களும் அரசின் அவசரப் பணிகளுக்காகக் குறைந்த ஆட்களோடு திறந்திருக்கும்.

96 அடி உயரத் தேர் வடத்துக்குக் காத்திருக்கிறது. அதற்கும் புரோநோட்டு, உண்டியல், காசோலை பற்றிய ஒரு வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்கும் என்ன உறவு? இந்தக் கேள்வியை விடாமல் பின்தொடர்ந்தால், இந்தியாவில் விடுமுறை ஏன் மாநிலத்துக்கு மாநிலம், ஏன் ஒரே தெருவில் கட்டடத்துக்குக் கட்டடம் மாறுகிறது என்பது விளங்கிவிடும். பண்டிகைகள் பலவாக இருப்பது அதற்குப் பாதிக் காரணம்தான். மறுபாதி, எந்த நாளுக்கு யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

செலாவணி முறிச் சட்டத்தின் 25ஆம் பிரிவிலிருந்து தொடங்கலாம். தஞ்சாவூர் நெல் வியாபாரி ஒருவர், அறுவடை முடிந்து இன்ன தேதியில் பணம் தருகிறேன் என்று மதராஸ் மண்டிக்காரருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தவணை முடியும் நாள் பொது விடுமுறையாகப் போய்விட்டது. என்றைக்குக் கொடுப்பது? மறுநாள் கொடுத்தால் போதாதா என்றுதான் நமக்குத் தோன்றும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. விடுமுறைக்கு முந்தைய வேலை நாளிலேயே பணம் கொடுத்தாக வேண்டும் என்கிறது. பண்டிகை வந்தால் கடன்காரருக்கு ஒரு நாள் குறைகிறது. நீதிமன்றத்திலோ அரசு அலுவலகத்திலோ ஒரு காரியத்தைச் செய்து முடிக்க வேண்டிய கடைசி நாள் விடுமுறையாக இருந்தால் அடுத்த நாள் செய்யலாம் என்று 1897ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம் இரக்கம் காட்டுகிறது. வியாபாரக் கடனுக்கு அந்த இரக்கம் கிடையாது.

ஆக, எந்த நாள் பொது விடுமுறை என்று அன்று வரையறுத்தது மக்கள் ஓய்வெடுப்பதற்காக அல்ல. கடன் என்றைக்கு வசூலாகும் என்று கணக்குப் போடுவதற்காக. முதலில் எழுதப்பட்ட 25ஆம் பிரிவு ஞாயிற்றுக்கிழமையைத் தவிரப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட நாட்கள் மூன்று: ஆங்கிலப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ், புனித வெள்ளி. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் பெயரில்லை. உள்ளூர் அரசு, அதாவது அந்தந்த மாகாண அரசு, கெசட்டில் அறிவிக்கும் மற்ற நாட்கள் என்ற வாலில் அவை அடங்கிக்கொண்டன. ஆள்கிறவர்களின் மூன்று பண்டிகைகள் சட்டத்துக்குள்ளே. ஆளப்படுகிறவர்களின் பண்டிகைகள் எல்லாம் கெசட்டுக்குள்ளே. துணைக்கண்டத்தின் திருவிழாக்களை ஒரு சட்டத்தின் பிரிவுக்குள் பட்டியலிட்டு மாளாது என்று வெள்ளைக்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது. விடுமுறை ஊருக்கு ஊர் மாறலாம் என்ற ஏற்பாடு அந்த வாலில்தான் பிறந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்த மூன்று பெயர்களும் பிரிவிலிருந்து எடுக்கப்பட்டன. அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இருந்தது. அதை மாநிலங்களுக்கு ஒப்படைத்து மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதன் தேதி 1957 ஜூன் 8. மாநில அரசுகள் ஆண்டுதோறும் வெளியிடும் விடுமுறை ஆணைகளில் இந்தத் தேதி இன்றும் இடம்பெறுகிறது. அரசமைப்பின் ஏழாவது அட்டவணையைப் புரட்டினால் பொது விடுமுறை என்று தனியாக ஒரு பதிவே கிடைக்காது. மாற்றுமுறி, காசோலை, புரோநோட்டு ஆகியவை மத்தியப் பட்டியலின் 46ஆம் பதிவில் இருக்கின்றன. மலேசியாவில் இப்படி இல்லை. அந்த நாட்டு அரசமைப்பின் பட்டியல்களில் மாநில விடுமுறை மாநிலத்துக்கு உரியது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. இந்தியாவில் ஒரு முதலமைச்சர் தம் ஊழியர்களுக்குத் தாமாகவே விடுமுறை விடலாம், அது முதலாளி தொழிலாளிக்குத் தருவது போன்றது. வங்கியையும் சேர்த்து மூட வேண்டுமென்றால் டெல்லி இரவல் கொடுத்த பேனாவை எடுத்தாக வேண்டும்.

அந்தப் பேனா மாவட்ட ஆட்சியர் கைக்கு வருவதில்லை. அதனால்தான் திருவாரூர் அறிவிப்பில் அந்தக் கடைசி வரி. ஆட்சியர் பள்ளியை மூடலாம், தம் அலுவலகத்தை மூடலாம். வங்கியையும் கருவூலத்தையும் மூட முடியாது. மூடிய நாளுக்கும் ஒரு சனிக்கிழமையைத் திருப்பித் தர வேண்டும். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் உள்ளூர் விடுமுறை ஒரு கைமாற்று. வட்டியில்லை, ஆனால் அசலைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும்.

மாதம் பிறந்தால் இணையச் செய்தித் தளங்களில் தவறாமல் வரும் ஒரு தலைப்பு இங்கே நினைவுக்கு வருகிறது: இந்த மாதம் வங்கிகளுக்கு 15 நாள் விடுமுறை! மதுரையில் இருப்பவர் பதறிப்போய் வங்கிக்கு ஓடுகிறார். உள்ளே படித்தால் கதை வேறு. ரிசர்வ் வங்கி தன் வட்டார அலுவலகங்கள்வாரியாக வெளியிடும் பட்டியலில், ஐஸ்வாலுக்கு ஒரு நாள், காங்டாக்குக்கு ஒரு நாள், கொல்கத்தாவுக்கு ஒரு நாள் என்று இருப்பதையெல்லாம் கூட்டி, சனி ஞாயிறையும் சேர்த்திருப்பார்கள். மிசோரத்தில் கிறிஸ்தவ மறைப்பணியாளர்கள் வந்திறங்கிய ஜனவரி 11க்கு வங்கி மூடினால் மதுரைக்காரருக்கு என்ன? சிக்கிம் மக்கள் லோசூங் கொண்டாடினால் திண்டுக்கல்லில் பூட்டா தொங்கும்? கூட்டக் கூடாததைக் கூட்டுகிற கணக்கு இது. அந்தப் பட்டியலைக் கூட்டாமல் நெடுக்குவாட்டில் படித்துப் பாருங்கள். எந்த ஊரில் யார் வாழ்கிறார்கள் என்பதற்கு அதைவிடச் சுருக்கமான ஆவணம் கிடைப்பது அரிது.

ஐஸ்வால் வரை போக வேண்டாம். நம் மாவட்டத் தலைநகரம் ஒன்றின் ஒரே சாலையில் ஆட்சியர் அலுவலகம், தலைமை அஞ்சலகம், கொஞ்சம் தள்ளி ஒரு நூற்பாலை என மூன்று கட்டடங்கள் இருக்கின்றன என்று கொள்வோம். மூன்றுக்கும் நாட்காட்டி வேறு. புத்த பூர்ணிமா அன்றும் குரு நானக் பிறந்த நாளன்றும் அஞ்சலகம் மூடியிருக்கும், ஆட்சியர் அலுவலகம் திறந்திருக்கும். மே தினத்தன்று ஆட்சியர் அலுவலகத்துக்கு விடுமுறை. மத்திய அரசின் கட்டாயப் பட்டியலில் மே தினம் இல்லை. ஜனவரி 1 கதையும் அதுவே. 1881இல் சட்டத்தின் பிரிவுக்குள்ளேயே இடம்பிடித்திருந்த ஆங்கிலப் புத்தாண்டு மத்திய அரசின் கட்டாயப் பட்டியலில் இன்று இல்லை, தமிழக அரசின் பட்டியலில் இருக்கிறது. காலம் போட்ட கோலம்.

மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதியை விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் இதைப் புரிந்துகொள்ளாமலே நாம் ஒரு முறை பெரிய சண்டை போட்டிருக்கிறோம். டெல்லிக்கு வெளியே இருக்கும் மத்திய அரசு அலுவலகங்களுக்குக் கட்டாய விடுமுறை 14. குடியரசு நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் மூன்றும் தேசிய நாட்கள். மற்றவை தீபாவளி, தசரா, மகாவீரர் ஜெயந்தி, புத்த பூர்ணிமா, குரு நானக் பிறந்த நாள், புனித வெள்ளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான், பக்ரீத், மொகரம், மீலாது நபி. இவற்றுக்கு மேல் 12 பண்டிகைகள் கொண்ட இன்னொரு பட்டியல் உண்டு. அதிலிருந்து மூன்றை அந்தந்த மாநிலத் தலைநகரில் இருக்கும் மத்திய அரசு ஊழியர் நல ஒருங்கிணைப்புக் குழு தேர்ந்தெடுக்கும். ஆக மொத்தம் 17.

பொங்கல் அந்த 12 பேர் கொண்ட வரிசையில்தான் நிற்கிறது. பக்கத்தில் ஓணம், மகர சங்கராந்தி, ரத யாத்திரை, விநாயகர் சதுர்த்தி, ராம நவமி, சிவராத்திரி. கடைசிப் பதிவு வேடிக்கையானது: விஷு, வைசாகி, பிஹு, யுகாதி, குடி பாட்வா, நவ்ரோஸ், சட் பூஜை, கர்வா சவுத் எல்லாவற்றையும் சாய்கோடு போட்டு ஒரே மூட்டையாகக் கட்டி ஒரு பண்டிகைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். அரை இந்தியாவின் புத்தாண்டுகளுக்கு ஒரே டோக்கன்.

சென்னையில் இருக்கும் குழு வழக்கமாகப் பொங்கலையும் ஆயுத பூஜையையும் விநாயகர் சதுர்த்தியையும் எடுத்துக்கொள்ளும். 2017இல் பொங்கல் சனிக்கிழமை வந்தது. வாரத்துக்கு ஐந்து நாள் வேலை பார்க்கும் மத்திய அலுவலகங்களுக்கு அன்று எப்படியும் விடுமுறை. கையில் இருக்கும் மூன்று நாளில் ஒன்றைச் சனிக்கிழமையில் வீணாக்குவானேன் என்று பொங்கலைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டார்கள். ஊழியரின் கணக்காகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பொங்கலுக்குக் கட்டாய விடுமுறை இல்லை என்று செய்தி வெளியானதும் தமிழகம் கொதித்தது. ஜல்லிக்கட்டுத் தடை ஏற்கெனவே நெஞ்சில் முள்ளாக இருந்த நேரம். எல்லாக் கட்சிகளும் டெல்லியைக் கண்டித்தன. சில நாளிலேயே குழு கூடி முடிவை மாற்றியது; பொங்கல் கட்டாய விடுமுறை ஆனது. அடுத்த வாரம் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் கூடியது.

திட்டு வாங்கியது டெல்லி, முடிவு எடுத்ததோ சென்னை. இதைச் சொல்வதால் அந்தக் கோபத்தில் பொருளில்லை என்று ஆகிவிடாது. தமிழரின் பெருவிழா ஏன் பத்தோடு பதினொன்றாக விருப்பப் பட்டியலில் நிற்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. அதே மூச்சில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வடஇந்தியா முழுக்க வண்ணம் பூசிக் கொண்டாடும் ஹோலியும் அந்த 12இல்தான் இருக்கிறது. கட்டாயப் பட்டியலில் இல்லை. கிருஷ்ண ஜெயந்திக்கும் அதே கதி. பட்டியல் போட்டவர்கள் சமயத்துக்கு இத்தனை என்று பங்கு வைத்திருக்கிறார்களே தவிர, மொழிக்கு இத்தனை, வட்டாரத்துக்கு இத்தனை என்று வைக்கவில்லை. வட்டாரத்தைக் குழுக்களின் தலையில் கட்டிவிட்டார்கள். தமிழரின் குறை அங்கேதான் இருக்கிறது. வடக்குக்கு ஒன்று, தெற்குக்கு ஒன்று என்ற வஞ்சனையில் இல்லை.

அந்த விதிகளிலேயே தெற்குக்காக எழுதப்பட்ட ஒரு விலக்கும் உண்டு. நமக்குத் தீபாவளி நரக சதுர்த்தசி அன்று விடியற்காலை எண்ணெய்க் குளியலோடு தொடங்குகிறது. வடக்கே அமாவாசை இரவில் விளக்கேற்றுகிறார்கள்; சில ஆண்டுகளில் அது மறுநாளாகிவிடும். மாநில அரசு நரக சதுர்த்தசியை மட்டுமே தீபாவளி விடுமுறையாக அறிவித்திருந்தால், அந்த மாநிலத்தில் உள்ள மத்திய அலுவலகங்கள் டெல்லி குறித்த நாளை விட்டுவிட்டு இந்த நாளை எடுத்துக்கொள்ளலாம். நரகாசுரன் பெயரால் மத்திய அரசின் சுற்றறிக்கை ஒன்று வளைந்து கொடுக்கிறது. ரம்ஜானுக்கும் இப்படி ஒரு நெளிவு வேண்டியிருக்கிறது. கேரளத்தில் பிறை தெரிந்து பெருநாள் கொண்டாடும் நாளில் டெல்லியில் நோன்பு தொடர்வது உண்டு. நிலாவுக்கு மாநில எல்லை தெரியாது, கெசட்டுக்குத் தெரியும்.

பண்டிகைகளை விட்டு அரசியல் நாட்களுக்கு வந்தால் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. நவம்பர் 1ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் அன்று ராஜ்யோத்சவம். மஞ்சள் சிவப்புக் கொடி கட்டாத ஆட்டோ இருக்காது. 1963ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டம் ஒன்று தொழிற்சாலைகளுக்கும் அந்த நாளைச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை ஆக்கியிருக்கிறது. அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டி ஓசூருக்கு வந்தால் சாதாரண வேலை நாள். ஆலைச் சங்கு ஊதுகிறது. மாநிலங்கள் மொழிவழி பிரிந்த அதே 1956 நவம்பர் 1இல் பிறந்தது கேரளம். கேரளப் பிறவி என்று வேட்டியும் கசவுப் புடவையும் கட்டி வாழ்த்துச் சொல்கிறார்கள், அலுவலகத்துக்கும் போகிறார்கள். ஓணத்துக்குப் பல நாள் மூடும் மாநிலம், தன் பிறந்த நாளுக்கு விடுமுறை விடவில்லை. புதுச்சேரியில் நவம்பர் 1 விடுதலை நாள். 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கைமாற்றிய தேதி அது. தமிழகத்திலோ மாநிலம் முழுக்க வேலை நாள். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும், திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்த நாள் என்பதால் உள்ளூர் விடுமுறை விடுவதுண்டு. மற்ற மாவட்டத்துக்காரருக்கு நவம்பர் 1 சும்மா ஒரு தேதி. குமரிக்காரருக்கு அது போராடி வாங்கியது.

தமிழ்நாடு நாள் எது என்பதிலேயே இரண்டு அரசுகள் இரண்டு தேதி சொல்லியிருக்கின்றன. 2019இல் நவம்பர் 1 என்று அறிவிக்கப்பட்டது. 2021இல், மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்ட 1967இல் அண்ணா பேரவையில் தீர்மானம் கொண்டுவந்த ஜூலை 18 என்று மாற்றப்பட்டது. இரண்டில் எதற்கும் விடுமுறை கிடையாது. சண்டை தேதியோடு நின்றது.

புதுச்சேரிக்கு இன்னொரு நாளும் உண்டு. நிர்வாகம் 1954இல் கைமாறினாலும் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்பந்தத்தை ஏற்றுச் சட்டப்படியான மாற்றம் முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆகிவிட்டது. அதனால் நாடு முழுக்க ஆகஸ்ட் 15இல் கொடியேற்றி முடித்த மறுநாளும் புதுச்சேரியில் விடுமுறை. ஊரை ஒட்டியே இருக்கும் கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம். அங்கே பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போவார்கள். கடற்கரைச் சாலையில் கால் மணி நேர நடை. இரண்டு பக்கமும் ஒரே பேச்சு, ஒரே மீன்குழம்பு. பிரெஞ்சு ஆட்சியின் எல்லை இன்று அந்தப் பகுதியில் கண்ணுக்குத் தெரிவது மதுக்கடை விலைப்பலகையிலும் இந்த விடுமுறையிலும்தான்.

விடுமுறைப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பதற்கும் எடுப்பதற்கும் இருக்கும் கனத்தைக் காஷ்மீரில் பார்க்கலாம். 1931 ஜூலை 13இல் ஸ்ரீநகர் மத்தியச் சிறைக்கு வெளியே டோக்ரா மகாராஜாவின் படை சுட்டதில் 22 பேர் மாண்டார்கள். அந்த நாள் தியாகிகள் நாளாகப் பல பத்தாண்டுகள் விடுமுறையாக இருந்தது. ஷேக் அப்துல்லாவின் பிறந்த நாளான டிசம்பர் 5ம் அப்படியே. 2019இல் மாநிலம் யூனியன் பிரதேசமாக்கப்பட்ட பிறகு வந்த முதல் பட்டியலில், 2020க்கான பட்டியலில், இரண்டுமே இல்லை. இந்தியாவோடு இணைப்பு ஒப்பந்தம் கையெழுத்தான அக்டோபர் 26 புதிதாக வந்து உட்கார்ந்தது. 2022இல் மகாராஜா ஹரி சிங்கின் பிறந்த நாளான செப்டம்பர் 23ம் விடுமுறை ஆனது. சுடப்பட்டவர்கள் நாட்காட்டியிலிருந்து வெளியே போனார்கள். அன்று அரியணையில் இருந்தவர் உள்ளே வந்தார். 2025 ஜூலையில் தேர்தலில் வென்று வந்த முதலமைச்சர் உமர் அப்துல்லாவே அந்தத் தியாகிகளின் கல்லறைக்குச் செல்லத் தடுக்கப்பட்டு, மறுநாள் சுவரேறிக் குதித்து அஞ்சலி செலுத்தினார். ஒரு நாளைப் பட்டியலிலிருந்து எடுத்தால் அது காலண்டரில் கறுப்பு எண்ணாக மாறுவதோடு முடிந்துவிடுவதில்லை.

உத்தரப் பிரதேசம் எதிர்த் திசையில் ஒரு பாடம். அங்கே ஒவ்வொரு ஆட்சியும் தன் ஆதரவுச் சமூகங்களின் தலைவர்களுக்குப் பிறந்த நாள், நினைவு நாள் என்று விடுமுறைகளைச் சேர்த்துக்கொண்டே போயிற்று. 2017இல் பொறுப்பேற்ற யோகி ஆதித்யநாத் அரசு அவற்றில் 15ஐ ஒரே வீச்சில் நீக்கியது. தலைவரின் பிறந்த நாளில் பள்ளியை மூடுவதைவிட, பள்ளியைத் திறந்து பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லலாம் என்பது அரசு சொன்ன காரணம். காரணம் நல்ல காரணம்தான். நீக்குவது எளிதாக இருந்ததே, அந்த விடுமுறைகள் ஏற்கெனவே வெறும் பெயராகிவிட்டதைத்தான் காட்டுகிறது.

தமிழகத்தில் நடந்தது இன்னும் நுட்பம். தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008இல் திமுக அரசு சட்டம் இயற்றியது. 2011இல் அதிமுக அரசு அதை ரத்துசெய்து சித்திரைக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் ஏப்ரல் 14க்கு விடுமுறை போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. அன்று அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளும்கூட. புத்தாண்டு நகர்ந்தது, விடுமுறை இருந்த இடத்திலேயே இருந்தது. தை 1 பொங்கல் என்பதால் அதற்கும் புதிதாக ஒரு நாள் தேவைப்படவில்லை. இவ்வளவு பெரிய பண்பாட்டுப் போரில் ஊழியர் ஒருவருக்கு ஒரு நாள்கூடக் கூடவில்லை, குறையவில்லை. நீடித்த அமைதிக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

விடுமுறை கேட்டு நீதிமன்றம் போக முடியுமா? போயிருக்கிறார்கள். தாத்ரா நகர் ஹவேலி போர்ச்சுக்கீசியரிடமிருந்து விடுபட்ட ஆகஸ்ட் 2ஐ விடுமுறையாக அறிவிக்க வேண்டுமென்று தொடுத்த வழக்கில், பொது விடுமுறை என்பது யாருக்கும் அடிப்படை உரிமை அல்ல என்று 2022இல் மும்பை உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. விடுமுறைகளைக் கூட்டுவதல்ல, குறைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டிய காலம் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். ஆனால் 2019இல் அதே பிரதேசத்தின் நிர்வாகம் புனித வெள்ளியைப் பொது விடுமுறையிலிருந்து கழற்றியபோது அதே உயர் நீதிமன்றம் அந்த முடிவைச் செல்லாததாக்கியது. நாடெங்கும் ஒரு சமயத்தாருக்குக் கொடுத்திருப்பதை ஒரு மூலையில் மட்டும் பறிக்க முடியாது. ஒரு மூலைக்கு மட்டும் உரியதைக் கேட்டு வாங்கவும் முடியாது. வட்டார விடுமுறை ஆட்சியாளர் மனமிறங்கித் தருவதாகவே இருக்கிறது.

மனம் எப்போது இறங்கும் என்பதும் ஊரறிந்தது. தைப்பூசத்தைத் தமிழக அரசு பொது விடுமுறையாக அறிவித்தது 2021 ஜனவரியில்; சட்டமன்றத் தேர்தல் அந்த ஏப்ரலில். மலேசியாவில் பினாங்கு, பேராக், சிலாங்கூர் போன்ற மாநிலங்கள் முன்பே தைப்பூசத்துக்கு விடுமுறை தந்திருந்தன. கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்கும் அது வந்தது 2008 ஜனவரியில். அதற்கு இரண்டு மாதம் முன்னால் மலேசிய இந்தியர்கள் உரிமை கேட்டு நடத்திய ஹிண்ட்ராஃப் பேரணி, இரண்டு மாதம் கழித்துப் பொதுத் தேர்தல். சிங்கப்பூரில் கதை தலைகீழ். அங்கே தைப்பூசம் 1968 வரை விடுமுறையாக இருந்தது. உற்பத்தியைப் பெருக்க வேண்டுமென்று விடுமுறைகளைக் குறைத்தபோது போனது, திரும்பவில்லை. அது கூட்டாட்சி நாடல்ல, ஒரே நகரம். ஒரு நாடு முழுக்க ஒரே பட்டியல் என்றால் சிறு சமூகங்களின் நாட்கள் எளிதில் கழன்றுபோகும். மாநிலத்துக்கு ஒரு பட்டியல் இருந்தால் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். விடுமுறைகள் ஒரே சீராக இல்லையே என்று அங்கலாய்ப்பவர்கள் இதையும் யோசிக்கலாம்.

இனி அந்தச் சாலையின் மூன்றாவது கட்டடம், நூற்பாலை. இதுவரை பேசிய பட்டியல்கள் எதுவும் அந்தக் கதவுக்குள் தாமாக நுழைவதில்லை. ஆலைத் தொழிலாளிக்குச் சட்டப்படி உரிய விடுமுறைகள் 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறைகள்) சட்டத்திலிருந்து வருகின்றன. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இவற்றோடு பண்டிகைகளுக்கு ஐந்து நாள். மொத்தம் 9. தமிழக அரசு 2025க்கு வெளியிட்ட பட்டியலில், வங்கிகளுக்கு மட்டுமான ஏப்ரல் 1ஐயும் சேர்த்து 24 விடுமுறைகள் இருந்தன.

அந்த ஐந்தை எப்படிப் பிரிப்பது? நிர்வாகமும் தொழிலாளரும் பேசித் தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு அனுப்ப வேண்டும். பொங்கலும் ஆயுத பூஜையும் தீபாவளியும் பேச்சின்றியே உள்ளே போய்விடும். மீதி இரண்டில் தமிழ்ப் புத்தாண்டு, ரம்ஜான், பக்ரீத், புனித வெள்ளி, கிறிஸ்துமஸ், விநாயகர் சதுர்த்தி எல்லாம் போட்டி போட வேண்டும். மூன்று சமயத்தார் நிற்கும் ஆலையில் இரண்டு நாளைப் பங்கு போடுவது எவ்வளவு கடினம் என்பதைச் சங்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அன்றும் வேலைக்கு அழைத்தால் இரட்டைக் கூலி, அல்லது கூலியோடு மாற்று விடுமுறை; சட்டம் அதோடு சரி. தைப்பூசம் அரசு விடுமுறை ஆன அன்றும் ஆலையில் இந்த ஐந்து ஆறாகவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் விடுமுறை மாறுவதைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். ஒரே ஊரில் 24க்கும் 9க்கும் இடையே இருக்கும் தூரம், சென்னைக்கும் ஐஸ்வாலுக்கும் இருப்பதைவிட அதிகம். கட்டட வேலை செய்கிறவருக்கும் வீட்டு வேலை செய்கிறவருக்கும் இந்த 9கூட இல்லை. அவர்களுக்கு விடுமுறை என்றால் அன்று கூலி இல்லை என்று பொருள்.

மீண்டும் திருவாரூர் அறிவிப்பின் அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். கடன் என்றைக்கு வசூலாகும் என்று தீர்மானிக்கப் பிறந்த சட்டம் அதில் இருப்பது. இன்று வசூலுக்கு அந்தச் சட்டத்தின் விடுமுறை தேவைப்படவில்லை. நெஃப்ட் பணப் பரிமாற்றம் 2019 டிசம்பர் 16இலிருந்து இரவு பகலாக நடக்கிறது. ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் 14இலிருந்து. கணக்கிலிருந்து தவணைகளைத் தானாகப் பிடிக்கும் நாச் முறைக்கு 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிறும் இல்லை, பண்டிகையும் இல்லை. முன்பெல்லாம் ஈஎம்ஐ தேதி விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாள்வரை மூச்சு விடலாம். இப்போது பொங்கலன்று பால் பொங்குவதற்கு முன்பே குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. அடுத்த முறை ஆழித்தேருக்குக் கிளம்புகிறவர்கள், அன்றைய தேதியில் தவணை ஏதும் இருந்தால், கணக்கில் பணத்தை வைத்துவிட்டுப் போங்கள்.